கொட்டாஞ்சேனையில் ஒருசந்தி இருந்த மீன்கள்

கொழும்புக்கு வியாபாரத்துக்காகப் போகிறவர்கள் உண்டு, வேலை தேடிப் போகிறவர்கள் உண்டு, கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்களும் உண்டு. நான் மீனுக்குத் தீனி போடக் கற்றுக்கொள்ளப் போனேன். இதைச் சொன்னபோது கப்பலில் என் பக்கத்தில் படுத்திருந்தவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

விருதுநகரில் எங்கள் முதலாளிக்குப் பஞ்சு வியாபாரம். அவர் வீட்டுத் தோட்டத்தையும் முன்கூடத்தில் இருந்த இரண்டு கண்ணாடித் தொட்டிகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. குடிதண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஊரில் மீன் வளர்ப்பது ஊராருக்கு வேடிக்கை. வருகிற விருந்தாளிகள் ஆளுக்கு ஒரு கை எதையாவது போடுவார்கள். மீன் ஓடி வந்து தின்பதைப் பார்க்கத்தானே தொட்டி. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாதத்துக்கு ஒருமுறை தொட்டி காலியாகும். கடைசியில் முதலாளி, "கொழும்பில ஒருத்தர் வீட்டுல மீன் வளர்த்துக் கப்பல்ல அனுப்புறாராம். பத்து நாள் இருந்து எப்படித் தீனி போடுறாருன்னு பாத்துட்டு வா. வரும்போது கொஞ்சம் மீனும் கொண்டா" என்று அனுப்பிவிட்டார். நாலாம் வகுப்போடு நின்றவன் நான். நாற்பத்தாறாம் வயதில் மறுபடியும் படிக்கப் போனேன்.

முதல் மூன்று நாள் வெள்ளவத்தையில் தங்கினேன். முதலாளிக்குத் தெரிந்த செல்லையா அண்ணாச்சி அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் கடல். எங்கள் ஊரில் ஆண்டுக்கு நாலு மழை பெய்தால் சாமிக்குப் பொங்கல் வைப்போம். இங்கே மழை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கடைக்கு வருகிற ஆள் மாதிரி வந்து போனது. காலை உணவு இடியப்பமும் சொதியும். சொதியைப் பார்த்ததும் பாலில் மஞ்சள் கலந்து யாருக்கோ மருந்து காய்ச்சியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கூட வைத்த தேங்காய்ச் சம்பல் காதுவரைக்கும் உறைத்தது. மூன்றாம் நாள் அது இல்லாமல் எனக்கு இடியப்பம் இறங்கவில்லை.

இரண்டாம் நாள் கொட்டாஞ்சேனைக்குப் போய் மீன் வளர்க்கும் சவரிமுத்துவைப் பார்த்து, வியாழக்கிழமை பெட்டியோடு வருவதாகச் சொல்லிவிட்டு, கோட்டையில் கரையோர ரயில் ஏறித் திரும்பினேன். ஆபீஸ் விடுகிற நேரம். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். வெள்ளவத்தை வந்தது. இறங்க வேண்டும், வழி விடுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. தெஹிவளையில் எல்லாரோடும் சேர்ந்து இறங்கித் தண்டவாளத்தை ஒட்டித் திரும்பி நடந்தேன். எதிரே மீன்கூடையோடு வந்த ஒரு சிங்களப் பெண் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பின்னால் வந்த தமிழர் ஒருவர் அதைச் சொன்னார்: "ரயிலை விட்டிட்டீங்களா, ரயில் உங்களை விட்டிட்டுதா எண்டு கேக்கிறா."

அண்ணாச்சி கேட்டுவிட்டு, "ரெண்டு வார்த்தை பேசக் கூச்சப்பட்டு ஒரு மைல் நடந்திருக்கீரு. உம்ம நாக்கை விட உம்ம காலுக்குத்தான் வேலை அதிகம்" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

வியாழக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். டிராமில் பெட்டியை மடியில் வைத்திருந்ததால் டிக்கெட்டுக்குக் காசு எடுத்து நீட்ட என்னால் முடியவில்லை. கண்டக்டர் சிங்களத்தில் திட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். நல்ல வேளையாக, இறங்குமிடத்தில் அவரே தோளைத் தட்டி இறக்கிவிட்டார்.

சவரிமுத்து துறைமுகத்தில் கிளார்க். வேதக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். மனைவி திரேசம்மா. ஒரே மகளை ஹெந்தளையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாதா கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில் வீடு. பின்புறம் பலா மரத்தின் கீழ் ஆறு சிமெண்டுத் தொட்டிகள், மேலே நிழலுக்குச் சாக்கு. அதில் பெரிய தொட்டியில் வாள்வால் மீன்கள். ஆண் மீனின் வாலில் கீழ்ப்பக்கம் ஒரு வாள் நீண்டிருக்கும். கடையில் விற்பது ஆரஞ்சு நிறம். இவருடையது செம்பருத்திப்பூச் சிவப்பு. சிவப்பில் அதிகச் சிவப்பைப் பிரித்து, அதன் குஞ்சுகளில் மறுபடியும் பிரித்து, ஆறு வருடமாக இந்த நிறத்துக்கு வந்திருந்தார். தாயும் தகப்பனுமாகிய மீன்கள் எல்லாம் அந்தப் பெரிய தொட்டியில்தான்.

சவரிமுத்து காலையில் துறைமுகத்துக்குப் போய்விடுவதால் தீனி போடுவது திரேசம்மா. எனக்கு வாத்தியார் அவர்தான்.

"அண்ணன், மீன்ட வயிறு எவ்வளவு தெரியுமா? அதுட கண்ணளவு" என்றார் முதல் நாள். "உங்கட முதலாளிட விருந்தாளிகள் கை நிறையப் போட்டா அது எங்க போய் வைக்கும்?"

அவித்த இறாலை அம்மியில் அரைத்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் உதிர்ப்பார். உடனே கண்ணை மூடிக்கொண்டு பிரியதத்த மந்திரம் மூன்று முறை சொல்வார். மாதாவுக்கு அவர்கள் சொல்கிற செபம் அது. மூன்றாவது முடிந்ததும் கண்ணைத் திறந்து, மிஞ்சியிருப்பதைத் துணி வலையால் அள்ளி வெளியே கொட்டிவிடுவார். "அதுக்குள்ள தின்னாத மிச்சம் மீனுக்கில்லை, தண்ணிக்கு. தண்ணி திண்டால் மீன் சாகும்."

எனக்கு அந்தச் செபம் தெரியாதே என்றேன். "உங்கட சாமிக்கு ஒண்டும் இல்லையா?" என்றார். நான் சரவணபவ சொன்னேன், அவர் பிரியதத்தம் சொன்னார். அவர் முடித்தபோது நான் முப்பத்தாறாவது சரவணபவவில் இருந்தேன். "அப்ப உங்கட ஊர் மீனுக்கு முப்பத்தாறு" என்று தீர்த்து வைத்தார். இன்றைக்கும் அந்தக் கணக்குத்தான்.

குஞ்சுகளுக்கு அவித்த முட்டை மஞ்சட்கருவை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீரில் ஆட்ட வேண்டும், புகை மாதிரி இறங்கும். வளரும் மீனுக்கு வாய்க்காலில் எடுக்கிற சிவப்புப் புழு, ஒரு நாள் முழுக்க ஓடுகிற தண்ணீரில் கழுவியது. எல்லாவற்றிலும் சிறந்தது நுளம்புப் புழு. கொசுவை அங்கே நுளம்பு என்பார்கள். அதற்காக ஒரு பீப்பாயில் தண்ணீர் வைத்து நுளம்பு முட்டையிட விட்டிருந்தார்கள். காய்ச்சல் பரவுகிறது என்று வீடு வீடாகப் பீப்பாய்களைக் கவிழ்த்துப் பார்க்கிற சுகாதார உத்தியோகத்தர் வருகிற நாளில், திரேசம்மா அதன்மேல் பலகை போட்டு, பலகை மேல் துணி மூட்டையை வைத்து, மூட்டைமேல் தானும் உட்கார்ந்துகொள்வாராம். "போன முறை அரை மணித்தியாலம் இருந்தனான். அந்த மாத்தயா என்ர சுகத்தை எல்லாம் விசாரிச்சுப் போட்டுத்தான் போனவர்."

வெள்ளிக்கிழமை காலை சவரிமுத்து வேலைக்குப் போகுமுன் நல்ல மீன்களாக அறுபது பிரித்துக் குசினி என்கிற சமையல்கட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருந்த சிறிய தொட்டியில் விட்டார். பம்பாயில் ஒரு மீன்கடைக்காரர் கேட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை போகிற கப்பலில் கோவாக்காரச் சமையல்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அறுபதும் உயிரோடு போனால், கப்பலுக்குக் கப்பல் அனுப்பச் சொல்லியிருந்தார் அந்தக் கடைக்காரர். அப்படி நடந்தால் ஹெந்தளையில் மகள் வீட்டுப் பக்கம் காணி எடுத்துக் குளம் வெட்டிக்கொண்டு இருவரும் அங்கேயே போய்விடுவது என்று முடிவு. மகளுக்கு அப்போதுதான் முதல் குழந்தை பிறந்திருந்தது. திரேசம்மா அந்தக் காணியில் எந்தப் பக்கம் குசினி வரும் என்பதுவரை சொல்லிவிட்டார்.

"இண்டையிலிருந்து இதுகளுக்கு ஒருசந்தி" என்றார் சவரிமுத்து என்னிடம். அவர்கள் விரதத்தை ஒருசந்தி என்பார்கள். "வெள்ளி, சனி, ஞாயிறு. ஒண்டும் போடக் கூடாது. வயித்தில இருக்கிறது எல்லாம் இஞ்சேயே வெளியில போகோணும். டின்னுக்குள்ள போனா அதுதான் நஞ்சு. திங்கள் விடிய டின்னில விடுவம்."

"நாங்கள் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டிட்டு மீன் தின்னுறம். மீன் எதை விட்டிட்டு எதைத் தின்னும்? அதான் சும்மா கிடக்குது" என்றார் திரேசம்மா உள்ளேயிருந்து.

ஞாயிற்றுக்கிழமை ஹெந்தளையில் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். இருவரும் காலையிலேயே கிளம்பினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். தெரியாத வீட்டு விசேஷத்தில் நான் எங்கே நிற்பது, யாரிடம் என்ன பேசுவது. தலைவலி என்று சொல்லி நின்றுவிட்டேன். எனக்குச் சோறும் மீன் குழம்பும் மூடி வைத்து, தேத்தண்ணீருக்கு அரை றாத்தல் பாண் ரொட்டியும் வைத்துவிட்டுப் போனார் திரேசம்மா.

அவர்கள் போன பிறகுதான் அன்றைக்கு அமாவாசை என்று ஞாபகம் வந்தது. என் தகப்பனார் இறந்ததிலிருந்து நான் அமாவாசை தவறியதில்லை. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, தெப்பக்குளத்தில் மீனுக்கு ஒரு படி பொரி போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன். குழம்பு படாத சோற்றில் ஓர் உருண்டை எடுத்து மதில் மேல் வைத்தேன். கொழும்பில் காக்கைக்குக் குறைவில்லை. பலா மரத்தில் மட்டும் பத்துப் பன்னிரண்டு இருந்தன. துறைமுகத்துக் காக்கைகள். ஒன்று வந்து பார்த்தது. மூக்கால் உருட்டியது. போய்விட்டது. பகல் திரும்பும்வரை நின்றேன். சோறு காய்ந்துகொண்டிருந்தது. எடுக்க ஒன்றுகூட வரவில்லை.

எங்கள் பக்கத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடல் கடந்து வந்ததால் அப்பாவுக்கு என் கைச்சோறு பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். அப்படியே குசினிப் பக்கம் வந்தேன். நிழல் விழுந்ததும் சிறிய தொட்டியில் இருந்த அறுபது மீனும் மேலே வந்தன. மூன்று நாள் பசி. வாயைத் திறந்து திறந்து மூடின.

போடக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பாணில் ஒரு துண்டு பிய்த்து உதிர்த்தேன். சரவணபவ பத்து முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. இன்னொரு துண்டு. அப்பா பெயரைச் சொல்லி இன்னொன்று. பாதிப் பாண் போனபோதுதான் நிறுத்தினேன். தண்ணீரில் ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. உள்ளே போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

மாலையில் அவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பேரப்பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றினபோது அழாமல் குருவானவரின் தாடியைப் பிடித்துக்கொண்டதாம். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் எப்படிச் சொல்வது. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். திங்கட்கிழமை விடிந்ததும் நாலு மண்ணெண்ணெய் டின்களைக் கழுவிக் காய வைத்திருந்ததில் தண்ணீர் நிறைத்து, டின்னுக்குப் பதினைந்தாக விட்டார் சவரிமுத்து. நான் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் றாத்தல் பாண், அறுபது மீன், ஆளுக்கு ஒரு துணுக்குத்தான், ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் வாயைத் திறந்திருந்தால் அடுத்த கப்பலுக்கு அனுப்பியிருப்பார். அவ்வளவுதான் நஷ்டம்.

செவ்வாய்க்கிழமை காலை, கப்பல் கிளம்புமுன்பே, சமையல்காரர் முதல் நாள் கப்பலில் ஏற்றிய நாலு டின்னையும் படகில் திருப்பி அனுப்பிவிட்டார். சவரிமுத்து ரிக்ஷாவில் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினார். மூடியைத் திறந்ததும் நாற்றம் வந்தது. தண்ணீர் கழுநீர் மாதிரி இருந்தது. நாலு டின்னிலும் ஒன்றுகூட அசையவில்லை. எல்லாவற்றின் வயிறும் உப்பியிருந்தது.

அவர் ஒன்றைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். "திரேஸ், தீன் போட்டனீயா?"

"இல்லை."

"மறந்துபோய்?"

"மாதா மேல சத்தியமா இல்லை."

அவர் தலையாட்டினார். என்னைக் கேட்கவில்லை. விருந்தாளியை அப்படிக் கேட்கிற வழக்கம் அவர்களிடம் இல்லை. ஒரு பார்வை பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். பார்க்கவில்லை.

"அப்ப வயிறு வீங்கிற வருத்தம்தான்" என்றார். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜோடிக்கு அந்த நோய் வந்து, இரண்டு தொட்டி முழுவதும் போனதாம். இந்த அறுபதும் பெரிய தொட்டியிலிருந்து எடுத்தவை. ஒரே வலை, ஒரே வாளி. வருத்தம் பெரிய தொட்டியில்தான் இருக்க வேண்டும். விட்டு வைத்தால் ஆறு தொட்டியும் போகும்.

புதன்கிழமை அவர் லீவு போட்டார். தோட்டத்து மூலையில் குழி வெட்ட வேண்டியிருந்தது. நான் தோட்டக்காரன் அல்லவா, மண்வெட்டியை என்னிடம்தான் கொடுத்தார். வெட்டினேன். அவர் பெரிய தொட்டியிலிருந்து வலை வலையாக அள்ளி வந்து அதில் கொட்டினார். சிவப்பு மண், அதைவிடச் சிவப்பு மீன்கள். நல்ல சுகத்தோடு துள்ளின. ஒவ்வொரு வலைக்கும், இதற்கு அடுத்த வலைக்கு முன்னால் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். பிறகு எத்தனை வலை போய்விட்டதோ அத்தனைக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன். நேரம் ஆக ஆகச் சொல்ல வேண்டியது பெருத்துக்கொண்டே போனது. அவர் சுண்ணாம்பைக் கொட்டினார். நான் மண்ணைத் தள்ளி மூடினேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் யாரும் காணியைப் பற்றிப் பேசவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் எனக்குக் கப்பல். காலையில் சவரிமுத்து கோயிலுக்குப் போயிருந்தார். திரேசம்மா குசினியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்தார். வாசற்படியில் நின்று, "தாயி, ஞாயித்துக்கிழமை நான் மீனுக்குப் பாண் போட்டேன்" என்றேன். காக்கை சோறு எடுக்காததையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் கை நிற்கவில்லை. "எவ்வளவு?"

"கால் றாத்தல்."

தேங்காய்ப்பூவை இன்னொரு முறை இறுக்கிப் பிழிந்துவிட்டுக் கையைக் கழுவினார். "பாண் குறைஞ்சிருந்தது. நீங்கள் திண்டிருப்பியள் எண்டு சந்தோசப்பட்டன்" என்றார்.

பால் சட்டியை மூடி வைத்தார்.

"செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தாலும் பெரிய தொட்டி மிஞ்சியிருக்கும், அண்ணன். நான் மாதா மேல சத்தியம் பண்ணினன். அவர் என்னை நம்பினபடியால்தான் வருத்தம் எண்டு முடிவெடுத்தவர். நம்பாமல் எனக்கு ரெண்டு ஏச்சு ஏசியிருந்தால் மீன் இப்பவும் ஓடிக்கொண்டிருக்கும்."

"நான் அய்யாகிட்டச் சொல்லிடுறேன் தாயி."

"வேணாம்." முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். "வருத்தம் எண்டால் அவர் திரும்பத் தொடங்குவார். ரெண்டு மாதம் துக்கப்பட்டுப்போட்டுத் தொடங்குவார். சுகமா இருந்த மீனைத் தன்ர கையால குழியில போட்டவர் எண்டு தெரிஞ்சால் பிறகு தொட்டிப் பக்கம் போக மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். நீங்கள் சொல்லி உங்கட பாரத்தை இறக்கி வைச்சிட்டுக் கப்பல் ஏறிப் போயிடுவியள். அதோட இருக்கப்போறது நாங்கள்."

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. போகும்போது வழியில் சாப்பிட இடியப்பம் கட்டிக் கொடுத்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

துறைமுகத்துக்குச் சவரிமுத்துவே கூட்டிப் போனார். ஊருக்குக் கொண்டுபோக மீன் தர முடியவில்லையே என்று அவருக்குத்தான் வெட்கம். வருத்தம் ஒட்டியிருக்கலாம், உங்கள் முதலாளி தொட்டிக்கும் போய்விடும் என்றார். வெள்ளைக்காரத் துரைமார் ஏறுகிற படகு முதலில் போனது. எங்கள் படகுக்கு நிற்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணன், ஒண்டு கேக்கோணும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில தனிய இருந்தனீங்கள். சின்னத் தொட்டியில மீன் எப்பிடி இருந்தது? ஒதுங்கிக் கிடந்ததா?"

"இல்லைய்யா. எல்லாம் மேல வந்துச்சு."

"வாயைத் திறந்துகொண்டா?"

"ஆமா."

"பசியோட?"

"ஆமாய்யா. நல்ல பசி."

அவர் கடலைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "அப்ப ஞாயிறு பின்னேரம்வரைக்கும் நல்ல சுகம். இது முந்தின வருத்தம் இல்லை. இது வேற. ஒரு நாளில கொண்டுபோற வருத்தம்" என்றார். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவர் போல மறுபடியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு என் பெட்டியைப் படகில் எடுத்துக் கொடுத்தார்.

திரேசம்மா கேட்டுக்கொண்டதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று படகு கப்பலை அடையும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கேட்டிருக்காவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன்.

சவரிமுத்து கெட்டிக்காரர். கேட்டு வருகிறவர்களுக்குத் தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லித் தருகிற மனிதர். இப்போதும் கொழும்பில் மீன் வளர்க்கிற யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார்: மீன் நல்ல பசியோடு வாயைத் திறந்துகொண்டு மேலே வரும், சுகமாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள், ஒரே நாளில் கொண்டுபோகிற வருத்தம் ஒன்று இருக்கிறது, கண்டால் தொட்டியோடு கொன்றுவிடுங்கள் என்று. அவர் சொன்னால் நம்புவார்கள்.